பல்கலைக்கழக வாசலும் நமது பிள்ளைகளும்

 

ஹிஜ்ரி 2இல் நிகழ்ந்த பத்ர் யுத்தத்தில் சிறைப்பட்டோருள் மீட்புப் பணம் செலுத்த வசதியற்ற, எழுத்தறிந்த கைதிகள், மதீனாவின் சிறார்கள் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததாக அறிவிப்புகளில் காணப்படுகிறது. அன்று முஸ்லிம்களுக்குப் பணத்தின் தேவை குறைவாக இருக்கவில்லை. ஆயினும் எழுத்து, பணத்திற்கு ஈடாக ஏற்கப்பட்டது. ஆரையம்பதி, பாலமுனை, காங்கேயனோடை எனும் ஊர்களில் வாவியையும் கூலித்தொழிலையும் நம்பி வாழும் நாம் இதனைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பல்கலைக்கழக அனுமதி பற்றி நம்மவர் பலர் அறியாத விடயங்கள் உண்டு. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் சனத்தொகைக்கேற்ப மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. மட்டக்களப்பு அப்பதினாறில் ஒன்று. மாவட்டம் என்பது பிறந்த ஊரைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதன்று; பரீட்சைக்கு முந்திய 3 ஆண்டுகளில் மாணவர் கற்ற பாடசாலை எங்குள்ளது என்பதே கவனிக்கப்படும். பெயர்பெற்ற பாடசாலை என்பதற்காகப் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்புவோர், அங்கு வெட்டுப்புள்ளியும் உயர்வாக இருக்கும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

2001ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள இஸட் புள்ளி முறையில், ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து மாணவர் எவ்வளவு விலகி நிற்கின்றார் என்பதே கணிக்கப்படுகிறது. எனவே கடினமான பாடத்தில் பெற்ற 60, இலகுவான பாடத்தில் பெற்ற 75ஐ விட மேலாகலாம். "இலேசான பாடம் எடு" என்று பிள்ளைக்கு ஆலோசனை கூறுவோர் இதனை அறிந்து பேசட்டும்.

அறபுக் கல்லூரியில் என்னுடன் ஓதிய நண்பர் ஒருவர் உயர்தரத்தில் நல்ல புள்ளி பெற்றார். விண்ணப்பப் படிவத்தை இறுதி நாள் இரவில், முன்னைய ஆண்டு வெட்டுப்புள்ளிகளைப் பார்க்காமலே நிரப்பினார். விருப்பத் தெரிவுகளின் ஒழுங்கு பிழைத்தது. விரும்பிய கற்கைநெறி கைநழுவியது. வழிகாட்ட வீட்டில் படித்தவர் எவருமில்லை. இத்தகைய இழப்பை நான் கல்வி வறுமை என்றே கருதுகின்றேன்.

முதற்தடவை போதிய புள்ளி கிடைக்காவிடின் உடனே திருமணப் பேச்சு, இல்லையேல் வெளிநாட்டுப் பயணம் என்பது நமது வழக்கமாகிவிட்டது. உயர்தரத்திற்கு 3 தடவைகள் தோற்ற இடமுண்டு என்பதைப் பெற்றோர் நினைவிற்கொள்க. பெண்பிள்ளைகள் விடயத்தில் குறிப்பாக.

செலவை எண்ணித் தயங்குவோருக்கு: 1981இல் சட்டமூலம் நிறுவப்பட்ட மஹாபொல நிதியம் திறமையும் தேவையும் உடைய மாணவர்க்கு உதவுகின்றது. அது கிடைக்காத வறிய மாணவர்க்கு வருமான அடிப்படையிலான உதவிப்பணமும் உண்டு. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் வீட்டிலிருந்து தொலைதூரத்திலல்ல. உதவிப்பணம் கைக்கு வருமுன் முதற்சில மாதங்களே மாணவரை அதிகம் வருத்துகின்றன. ஏழை என்ற வகையில் ஸகாத்திற்கு உரித்துடைய மாணவர்க்கு அம்மாதங்களில் அதனைச் சேர்ப்பிக்க மஸ்ஜித் நிர்வாகங்கள் முன்வரலாம்.

பெறுபேறு வெளியானபின் விண்ணப்பிக்கக் கிடைப்பது சில வாரங்களே. அந்நாட்களில் மஃரிப் தொழுகையின் பின், ஊரிலுள்ள பல்கலைக்கழக மாணவர் இருவர் கைநூலுடனும் வெட்டுப்புள்ளிப் பட்டியலுடனும் மஸ்ஜித் முன்றலில் அமர்ந்தால், அடுத்த ஆண்டில் என் நண்பரின் நிலை எவருக்கும் நேராது.