கதவுத் தகட்டில் தொடங்கும் இசை

ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசைதான் 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் பிக்கப் டிரக். வைக்கோல் கட்டும் செங்கல்லும் ஏற்றுவதற்காகப் பிறந்த அந்த வண்டியில்தான் இன்று அங்கே பலர் அலுவலகத்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் போகிறார்கள். அதனால் அதற்குள் ஒலிக்கும் பாட்டின் தரமும் விலைபேசும் சரக்காகிவிட்டது. 2019 மாடல் ராம் 1500-இன் உயர் ரகத்தில் 19 ஸ்பீக்கர்கள், 900 வாட். 2021-இன் எஃப்-150-இல் கூடுதல் பணம் கட்டினால் 18 ஸ்பீக்கர்கள். வேலைக்கென்றே வாங்கப்படும் கீழ் ரகங்களிலோ ஒருசில எளிய ஸ்பீக்கர்களோடு கதை முடிந்துவிடும். அவற்றின் உரிமையாளர்கள் கடைக்குப் போகும்போது ஒரு வரிசை வழக்கமாகிவிட்டது: முதலில் புது ஸ்பீக்கர், அது போதவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயர், அதுவும் போதவில்லை என்றால் சப்வூஃபர். இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். பிக்கப்பில் முதல் பணம் இரைச்சலைக் குறைக்கவும் கதவைச் சீர்செய்யவும் போக வேண்டும். வாட் கடைசியில் வரலாம்.

வண்டி நிற்கும்போது நிறைவாகக் கேட்ட பாட்டு, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் மெலிந்துபோகிறது. ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் அதேதான். கேபினுக்குள் இரைச்சல்தான் ஏறியிருக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் வண்டிக்குள் 65 முதல் 75 டெசிபல் வரை இரைச்சல் இருப்பது சாதாரணம். பிக்கப்பில் அதைக் கூட்டுவதற்கான காரணங்கள் அதிகம்: நிமிர்ந்த முன்முகம், பெரிய பக்கக் கண்ணாடிகள், கேபினுக்குப் பின்னால் சுழன்று விழும் காற்று, தலைக்கு நேர் பின்னே செங்குத்தாக நிற்கும் கண்ணாடி, ஆழமான பட்டன் கொண்ட டயர்கள். எஞ்சினும் தன் பங்கைச் சேர்க்கிறது. ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஓடும்போது அதற்குள் வினாடிக்கு 90 முறை எரிபொருள் வெடிக்கிறது. ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்ற நான்கு சிலிண்டர் டீசல் வண்டிகளில் அது 60. பேஸ் கிட்டாரும் மிருதங்கத்தின் தொப்பியும் ஒலிக்கும் அதிர்வெண்கள் இந்த அக்கம்பக்கத்தில்தான் இருக்கின்றன. தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள ஒலிகளை எளிதில் மூடிவிடும், உயர்ந்த ஒலியால் தாழ்ந்ததை அப்படி மூட முடியாது என்பதை வெகல், லேன் என்ற இரு ஆய்வாளர்கள் 1924-லேயே காட்டிவிட்டார்கள். எஞ்சின் உறுமலும் டயர் ஓசையும் பேஸை மட்டும் விழுங்குவதில்லை. பாடகரின் குரலில் உள்ள நுணுக்கங்களையும் மங்கச் செய்கின்றன.

இங்கே ஓர் எளிய கணக்கு இருக்கிறது. டெசிபல் என்பது மடக்கை அளவு. ஒலியை 3 டெசிபல் உயர்த்த ஆம்ப்ளிஃபயரின் ஆற்றல் இரு மடங்காக வேண்டும். 10 டெசிபல் உயர்த்தப் பத்து மடங்கு. எதிர்ப்பக்கம் பார்த்தால், கேபின் இரைச்சலை 3 டெசிபல் குறைப்பவர், இரைச்சலுக்கு மேலே இசை எழும் உயரத்தைப் பொறுத்தவரை, இரு மடங்கு ஆற்றலுள்ள ஆம்ப்ளிஃபயர் வாங்கியவருக்குச் சமம். ஒரு வேறுபாடு உண்டு. இரண்டாமவரின் செவிக்கு அதிகச் சுமை ஏறுகிறது, முதலாமவருடையதற்கு ஏறவில்லை. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம். உட்செவியின் மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. நாள்தோறும் மணிக்கணக்கில் வண்டி ஓட்டுபவருக்கு இது ரசனைப் பிரச்சினையைத் தாண்டிய விஷயம்.

கம்பெனி செட்டுக்கு ஆற்றலே இல்லை என்பது முதல் மறுப்பு. பெட்டியில் அச்சிடும் ‘50 வாட் × 4’ என்ற எண்ணிலிருந்தே இதைப் பார்க்கலாம். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட்; ஸ்பீக்கரின் மின்தடை பொதுவாக 4 ஓம். 14.4-ஐ அதாலேயே பெருக்கி 4-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 52 வாட் வரும். ஆனால் அது இசையாகக் கேட்க முடியாத சதுர அலைக்கான எண். தூய சைன் அலைக்கு அதில் பாதி. டிரான்சிஸ்டர் இழப்புகளையும் கழித்தால் ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் அளவில் நிற்கும். இது குறைவுதானா? கதவில் பொருத்தும் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 88 டெசிபல் தருவதாகக் கொண்டால், 20 வாட்டில் 101 டெசிபல் கிடைக்கும். செவிக்கு 15 நிமிடம்கூடத் தாங்காத அளவு அது. ஆக, சத்தத்துக்குப் பஞ்சமில்லை. மறுப்பில் ஓர் உண்மை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: இசையின் திடீர் உச்சங்கள் சராசரியைவிட 10, 15 டெசிபல் மேலே எழுகின்றன. இரைச்சலைத் தாண்டுவதற்காக வால்யூமைத் திருப்பியதும் அந்த உச்சங்கள் 20 வாட்டில் முட்டி வெட்டுப்பட்டுக் கரகரக்கின்றன. கரகரப்பின் மூலகாரணம் இரைச்சலே.

அடுத்தது கதவு. இதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே உள்ள காற்றை இழுக்கிறது. முன்னலையும் பின்னலையும் எதிரெதிரானவை. வீட்டு ஸ்பீக்கரில் பின்னலையை அடைத்துவைக்க மரப்பெட்டி இருக்கிறது. வண்டியில் அந்தப் பெட்டி கதவேதான். அதன் உள்தகட்டிலோ கண்ணாடி ஏற்றும் பொறிக்கும் பூட்டுக் கம்பிகளுக்குமாகக் கையே நுழையும் ஓட்டைகள். அவற்றின் வழியே பின்னலை கேபினுக்குள் வந்து முன்னலையோடு சேர்ந்து அழிகிறது. அலைநீளம் அதிகமான தாழ்ந்த ஒலிகளே இதில் முதலில் போகின்றன. 100 ஹெர்ட்ஸிலிருந்து 50-க்கு இறங்கும்போது அதே ஒலியளவுக்குக் கூம்பு நான்கு மடங்கு அசைய வேண்டும்; அத்தனை பாடுபட்டு உண்டான பேஸ் கதவுக்குள்ளேயே செத்துப்போகிறது. அந்த ஓட்டைகளை அடைத்து, ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவே ஃபோம் வளையம் வைத்து இறுக்கினால், பழைய ஸ்பீக்கரே புது ஆள்போலப் பேசும். வெளித்தகட்டில் ஒட்டும் டேம்ப்பிங் ஷீட்டின் வேலை வேறு. அலுமினியத் தாளுக்கும் கதவுத் தகட்டுக்கும் இடையே சிக்கும் பியூட்டைல் ரப்பர், தகடு அதிரும்போது இழுபட்டு அந்த ஆற்றலை வெப்பமாக்குகிறது. தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. நடுப்பகுதியில் கால்வாசிப் பரப்பு மூடினாலே பெரும்பலன் வந்துவிடும். தார் கலந்த மலிவு ஷீட்டை வெயில் ஊரில் தவிர்க்க வேண்டும். வெயிலில் நிற்கும் கதவு கொதிக்கும்போது அது இளகி வழிந்துவிடும்.

டேம்ப்பிங் ஷீட் எல்லா இரைச்சலையும் நிறுத்தாது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் பலர் சொல்வதில்லை. அது தகட்டின் அதிர்வை அடக்கும். காற்று வழி வரும் ஓசையைத் தடுக்க எடை வேண்டும். ஒரு தடுப்பின் எடையை இரு மடங்காக்கினால் ஒலி கடப்பது 6 டெசிபல் அளவு குறையும் என்பது கட்டடப் பொறியாளர்களும் பயன்படுத்தும் விதி. 2015 முதல் எஃப்-150-இன் உடல் அலுமினியக் கலவை. அதே பரப்பில் எஃகைவிட எடை குறைவு. எனவே தரையில் கனத்த வினைல் விரிப்பும், கதவு விளிம்பில் தேயாத ரப்பர் பீடிங்கும் ஷீட்டோடு சேர வேண்டும். சேற்றுக்கான டயரைத் தார்ச்சாலையில் ஓட்டுபவர் டயரை மாற்றினாலே போதிய பலன் காண்பார். எடை கூடி மைலேஜ் குறையுமே என்று கேட்கலாம். கதவுகளுக்கான ஷீட் சில கிலோதான். முக்கால் டன் ஏற்றக் கட்டிய வண்டிக்கு அது பொருட்டல்ல.

சப்வூஃபர் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. செவி மெல்லிய ஒலியில் பேஸைக் குறைவாகவே உணர்கிறது என்று ஃபிளெச்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டினார்கள். ஆகவே அமைதியான கேபினில் அளவாகக் கேட்பவருக்குக் கொஞ்சம் கூடுதல் பேஸ் நியாயமான தேவை. அதற்குப் பிக்கப்பின் சின்னக் கேபினே துணை நிற்கிறது. கேபினின் நீளம் அலைநீளத்தில் பாதிக்கும் குறைவாகும்போது ஒலி அலையாக ஓடாமல் உள்ளே உள்ள காற்றை மொத்தமாக அழுத்துகிறது. அதிர்வெண் இறங்க இறங்கப் பேஸ் தானாக வலுக்கிறது. 2 மீட்டர் கேபினில் இது ஏறத்தாழ 86 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடங்கும். எனவே பின்சீட்டுக்கு அடியில் அடங்கும் ஒரு சிறிய சப்வூஃபர் பலருக்குப் போதும்.

கம்பெனிப் பொறியாளர்கள் யோசிக்காமலா விட்டார்கள் என்பது இன்னொரு கேள்வி. யோசித்திருக்கிறார்கள், அதனால்தான் எச்சரிக்கை வேண்டும். பல செட்டுகள் வால்யூம் ஏறும்போது சின்ன ஸ்பீக்கரைக் காக்கப் பேஸைத் தாமாகக் குறைக்கும். அந்தச் செட்டின் ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னல் எடுத்துப் பெரிய ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தால் குறைபட்ட பேஸே பெரிதாகும். 2015-க்குப் பிந்தைய எஃப்-150-கள் பலவற்றில் கூரையில் உள்ள மைக் எஞ்சின் உறுமலைக் கேட்டு, அதற்கு எதிரான அலையை ஸ்பீக்கர் வழியே அனுப்பி அழிக்கிறது. ஆம்ப்ளிஃபயரை மாற்றியதும் அந்த எதிரலையின் அளவும் நேரமும் பிசகி, உறுமல் குறைவதற்குப் பதில் கூடும். வேலை தெரிந்தவர் இதை முதலில் சரிபார்ப்பார். ஸ்பீக்கர் இருக்கும் இடமும் ஒரு சிக்கல்: ஓட்டுநருக்கு ஒரு பக்க ஸ்பீக்கர் மற்றதைவிட அரை மீட்டர் அருகில் இருந்தால், அதன் ஒலி 1.5 மில்லி வினாடி முந்தி வந்து பாட்டு முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒலிச் சிக்னலைத் திருத்தும் டிஎஸ்பி கருவி அந்த ஸ்பீக்கரை அதே அளவு தாமதப்படுத்தினால் குரல் டாஷ்போர்டின் நடுவுக்கு வந்துவிடும். ஸ்பீக்கரை மாற்றினால் மட்டும் இது கிடைக்காது.

ஸ்பீக்கர் மாற்றியதுமே வித்தியாசம் தெரிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. பொய் சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. ஆனால் 1994-இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னே வைத்தும் கண்ணெதிரே வைத்தும் கேட்கச் செய்தபோது, அதே ஆட்களின் தீர்ப்பு மாறியது. விலையும் தோற்றமும் பெயரும் காதுக்குள் நுழைந்துவிடுகின்றன. அதனால் அளந்துவிட்டுச் செலவு செய்யுங்கள். நியோஷின் ஒலி அளவிச் செயலி ஐபோனில் இலவசமாகக் கிடைக்கிறது. பாட்டை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, வழக்கமான வேகத்தில் வண்டி போகும்போது பக்கத்து இருக்கையில் இருப்பவர் அதில் ஏ, சி இரு அளவுகளிலும் இரைச்சலைக் குறித்துக்கொள்ளட்டும். ஏ அளவு தாழ்ந்த ஒலியைக் குறைத்தே கணக்கிடும்; அதைவிடச் சி அளவு வெகுவாக மேலே நின்றால் தாழ்ந்த உறுமல் அதிகம் என்று பொருள். அந்த இரு எண்களையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கதவைத் திறந்து பார்க்காமலே ஆம்ப்ளிஃபயரை எடுத்துக் காட்டும் கடையை விட்டு வேறு கடை தேடுங்கள்.