திருமலைப் பறங்கியரின் ஜேர்மன் பாட்டனைத் தேடுவோம்

ஈச்சிலம்பற்றிலிருந்து பேசுறன். எங்களுக்கு வடக்கே கொட்டியார்க் குடா, அதுக்கு அங்கால திருகோணமலைத் துறைமுகம். பாலையூற்றுப் பக்கம் பறங்கியர் குடும்பங்கள் இருக்கு. வீட்டில போர்த்துக்கேயக் கிரியோல் பேசின மூத்தவங்களும் அவங்களுக்குள்ள இருக்காங்க.

பறங்கியர் எண்டதும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும்தான் நினைவுக்கு வருவாங்க. ஆனா ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின்ர படையில ஜேர்மன்காரர் ஏராளம். 1795இல் ஆங்கிலேயர் திருமலைக் கோட்டையைப் பிடிக்கும்வரை இலங்கைக் கோட்டைகளில காவல் நிண்டவங்களில அவங்களும் இருந்தாங்க.

அதே 18ஆம் நூற்றாண்டில வேற ஜேர்மன் குடும்பங்கள் ரைன் ஆற்று வழியா வந்து, ரொட்டர்டாமில கப்பலேறி, பென்சில்வேனியாவுக்குப் போனதுகள். பிலடெல்பியாவில இறங்கின ஆம்பிளையள் 1727 தொடக்கம் பிரித்தானிய அரசருக்கு விசுவாசம் சொல்லிக் கையெழுத்து வைக்கவேணும். இண்டைக்கும் அமெரிக்காவில வேர் தேடுறவங்க அந்தப் பட்டியல்களைத்தான் புரட்டுறாங்க.

எங்கட பக்கத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இருக்கு: கம்பனியின்ர சம்பளப் பேரேடு. ஒருத்தன்ர பெயர், சொந்த ஊர், ஏறின கப்பல், பட்ட கடன், கடைசியில செத்தானா திரும்பினானா எண்டது வரைக்கும் அதில பதிஞ்சிருக்கு. நெதர்லாந்துத் தேசியச் சுவடிக்கூடம் இதை இணையத்தில இலவசமாத் தேட விட்டிருக்கு. எழுத்துக்கூட்டலை நம்பாதீங்க. ஷ்மிட் எண்டு சொன்னவனை ஒல்லாந்த எழுத்தர் ஸ்மிட் எண்டு எழுதியிருப்பார்.

ஆனா தேடலைப் பேரேட்டில தொடங்கவேண்டாம். ஒரே பெயரில பலர் வருவாங்க. பிறப்புச் சான்றிதழில தொடங்கி, விவாகப் பதிவு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு எண்டு பின்னால போங்க. ஒல்லாந்தர் கால ஆவணங்கள் கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில இருக்கு.

1908இல் தொடங்கின ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன்ர சஞ்சிகையில நிறைய வம்சாவழிகளை அச்சிட்டிருக்கு. பெரிய உதவி அது. ஆனா அந்தக் கணக்கு தகப்பன் வழி. தனியாக் கப்பலேறி வந்த சிப்பாய் கலியாணம் கட்டினது பெரும்பாலும் இந்த மண்ணில பிறந்த பெண்ணை. பிள்ளைக்குப் பாஷையும் சாப்பாடும் சொந்தபந்தமும் அவளிட்ட இருந்துதான் வந்தது. அவளை விட்டுட்டு எழுதுற வம்சாவழி என்னைப் பொறுத்தவரை பாதிதான்.

சம்பளப் பேரேட்டில அவளுக்கெண்டு தனிப் பதிவு இல்ல. அதனால ஞானஸ்நானப் பதிவில தகப்பன் பெயரோட நிப்பாட்டாதீங்க. தாயின் பெயரையும், ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயர்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்க. அவங்க தாய்வழிச் சொந்தமா இருக்கலாம். வீட்டில அம்மம்மா இருந்தா, கலியாணத்துக்கு முந்தி அவங்கட குடும்பப் பெயர் என்ன, எந்தக் கோயிலில ஞானஸ்நானம் எடுத்தாங்க எண்டு இண்டைக்கே கேளுங்க.