சாயத்தண்ணீரில் ஒளிந்த எண்ணெய்

திருப்பூர்ச் சாயத்தண்ணீரைப் பற்றிப் பேசுவோர் யாவரும் சாயத்தையும் உப்பையும் குறிப்பிடுகின்றனர். எண்ணெயைப் பற்றி வாய் திறப்போர் அரிது. சாயம் கண்ணுக்குத் தெரிகிறது. உப்பு குடியானவனின் கிணற்றில் தெரிகிறது. எண்ணெயோ தண்ணீருக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது.

பனியன் துணி பின்னும் யந்திரத்தின் ஊசிகளுக்கு எண்ணெய் விடாமல் தீராது. அது துணியில் படிகிறது. சாயம் சீராக ஏறவேண்டுமாயின் அதைக் கழுவியாக வேண்டும். கழுவச் சேர்க்கும் சோப்புச் சரக்கு எண்ணெயை நுண்துளிகளாக்கி, ஒவ்வொரு துளிக்கும் ஒரு போர்வை போர்த்திவிடுகிறது. போர்வைகள் பெரும்பாலும் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை. ஆதலால் துளிகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. தொட்டியில் நாட்கணக்காக நிறுத்தினாலும் தண்ணீர் பால்போலவே நிற்கும்.

இப்பாலை உடைக்கும் வழி ரகசியமன்று. அமிலம் விட்டாலும், படிகாரமோ இரும்பு உப்போ சேர்த்தாலும் மின்னூட்டம் தணிந்து துளிகள் திரளும். கீழிருந்து நுண்ணிய காற்றுக் குமிழிகளை விட்டால் திரள் மேலே வரும், வழித்தெடுக்கலாம். சூட்சுமமெல்லாம் மருந்தின் அளவில்தான். குறைந்தால் பால் உடையாது. மிஞ்சினால் மின்னூட்டம் எதிர்வகையாக மாறித் துளிகள் மறுபடியும் பிரிந்து நிற்கும். பட்டறைத் தண்ணீரோ வேளைக்கு வேளை மாறுவது. ஆகவே குவளைகளில் சிறிது சிறிதாகச் சோதித்து அளவைக் காணவேண்டும். இந்தச் சிறு வேலைக்குத்தான் பொறுமை இல்லை.

பொறுமையின்மையின் விலையை நொய்யல் அறியும். பாசனத்திற்கென 1992-ல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் குட்டையாயிற்று. விவசாயிகள் நியாயஸ்தலத்தை நாடினர். 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சுமார் 700 பட்டறைகள் நின்றன. கூலிக்காரர்கள் தெருவில் நின்றனர். கழிவு ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்பதே விதி. அதன்படி தண்ணீர் நுண்சவ்வுகளின் வழியே அழுத்தி வடிக்கப்பட்டு மீண்டும் பட்டறைக்கு வருகிறது.

அச்சவ்வுக்கு எண்ணெய் பெரும் பகை. அது படியப் படிய அழுத்தம் ஏறுகிறது. மின்சாரச் செலவு ஏறுகிறது. சவ்வு ஆயுள் முடியுமுன்பே கெடுகிறது. செலவு தாளாதபோது இரவில் மதகைத் திறக்கும் ஆசை பிறப்பது இயல்பே.

எனவே, எண்ணெய் கலந்த முதற்கழுவல் நீரை மற்றத் தண்ணீரோடு சேரவிடாமல், பட்டறை வாசலிலேயே உடைத்தெடுக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். கூலிக்குச் சாயமிடும் சிறு பட்டறைக்காரர் தலையில் மட்டும் இச்செலவைக் கட்டுவது தர்மமன்று. ஏற்றுமதி முதலாளிகள் அதைச் சாயக்கூலியில் சேர்த்து, அந்நிய வியாபாரிகளிடம் கேட்டு வாங்கட்டும். வழித்தெடுத்த கசடு எங்கே போயிற்று என்பதற்கும் கணக்கு எழுதி, கேட்கும் விவசாயிக்குக் காட்டட்டும்.