உவர்நீர் புகுந்த மோட்டார் வண்டிகள்

பழவேற்காடு ஏரி, இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியாகும். ஆரணி, காளங்கி ஆறுகள் இதில் கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் கரையோரப் பாதைகள் நீரில் மூழ்குவதுண்டு. 2023-ஆம் வருஷம் டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, திருவள்ளூர் ஜில்லாவில் பெருமழை பெய்தது. இத்தகைய காலங்களில் மீன் வண்டிகளும் நெல் ஏற்றும் டிராக்டர்களும் உவர்நீரில் இறங்க நேரிடுகிறது.

உவர்நீர் உலர்ந்த பின்னும் உப்பு தங்கிவிடும். அவ்வுப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து, செம்புக் கம்பிகளின் இணைப்பில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். ஆகையால் விளக்கு மங்குதல், பியூஸ் அடிக்கடி எரிதல் முதலிய கோளாறுகள் சில வாரங்கள் கழித்தும் தோன்றலாம்.

கியர்ப் பெட்டியில் நீர் புகும் விதம் வேறு. ஓடிச் சூடேறிய பெட்டி திடீரென நீரில் அமிழ்ந்தால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, காற்றுத் துவாரத்தின் வழியே நீரை உள்ளிழுக்கும். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறமாயிருப்பின் நீர் கலந்ததென்று அறியலாம். நின்ற வண்டியில், பிரிந்த நீர் எண்ணெயினும் கனமாதலால் அடியில் தங்கும். அடித் திருகாணியைச் சிறிது தளர்த்தினால் அதுவே முதலில் வடியும்.

மூழ்கிய வண்டியை உடனே கிளப்பலாகாது. முதலில் பாட்டரியின் நெகடிவ் இணைப்பை நீக்குக. கம்பி இணைப்புகளை நல்ல நீரால் கழுவி நன்கு உலர்த்துக. எண்ணெயை மாற்றி, சிறிது தூரம் ஓட்டி, மீண்டும் நிறம் பார்க்க. வெளுத்திருந்தால் மறுபடியும் மாற்றுக. எண்ணெய்ச் செலவுக்கு அஞ்சிப் பற்சக்கரங்களை இழப்பது விவேகமன்று. இதனைக் கிராம அதிகாரிகள் மழைக்கு முன்னரே வண்டிக்காரர்களுக்கு எடுத்துரைத்தல் நலம்.