குட்டிக்குக் கால் மாத்திரை போதாதா?

புளோக்கின் கீழ்த்தளத்தில் கண் திறக்காத பூனைக்குட்டி கத்திக்கொண்டிருந்தால், மாணவர்கள் பலர் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் குட்டி சோர்ந்து கிடக்கிறதே என்று வீட்டு மருந்துப் பெட்டியைத் திறப்பது ஆபத்து.

பிறந்த குட்டியின் எடை சுமார் 100 கிராம். எடைக்கேற்ப அளவைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். கணக்கு அப்படி வருவதில்லை. வளர்ந்த பூனையின் உடலில் நீர் ஏறக்குறைய 60 விழுக்காடு. குட்டியிடம் 80 வரை. கொழுப்போ மிகக் குறைவு. ஆகவே மருந்து பரவும் விதமே வேறு. அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளும் வெளியேற்றும் சிறுநீரகமும் முதிரப் பல வாரங்கள் ஆகும். அதுவரை உள்ளே போன மருந்து தேங்கி நஞ்சாகும். 1950களின் இறுதியில், குளோரம்பெனிக்கால் கொடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் சிலர் உடல் சாம்பல் நிறமாகி இறந்ததற்கும் இதுதான் காரணம்.

பாராசிட்டமோல்? அது வளர்ந்த பூனையையே கொல்லும். அதைச் சிதைக்கும் நொதி பூனை இனத்துக்கே போதிய அளவில் இல்லை.

தாயைப் பிரிந்த குட்டிக்கு முதலில் வேண்டியது சூடு. பிறந்த முதல் வாரத்தில் அதற்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. உடல் குளிர்ந்தால் குடல் இயங்காது. அந்நிலையில் ஊட்டும் பால் செரிக்காது, மூச்சுக்குழாய்க்குள்ளும் போய்விடலாம். துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியைப் பக்கத்தில் வைத்து, மெல்லச் சூடாக்கியபடியே விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.