டிக்கெட்டுக்குக் கொடுத்த முகவரிக்குப் பிரசாரம் வரலாமா?

பாண்டியன் ரயிலிலோ வைகையிலோ சென்னை போக ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும்போது ரயில்வே நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி.யிடம் கைபேசி எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் கொடுக்கிறோம். வெயிட்டிங் லிஸ்ட் உறுதியானதா, வண்டி ரத்தானதா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

2020 டிசம்பரில் அந்த முகவரிகளுக்கு வேறொன்று வந்தது. வேளாண் சட்டங்களை எதிர்த்துப் பஞ்சாப் விவசாயிகள் டெல்லி எல்லையில் அமர்ந்திருந்த நேரம். சீக்கியர்களுக்கு மோடி அரசு செய்தவற்றை விவரிக்கும் 47 பக்கக் கையேடு, 8 முதல் 12ஆம் தேதிக்குள் ஏறத்தாழ 2 கோடி பேருக்குப் போனது. சீக்கியப் பயணிகளைப் பொறுக்கியெடுத்து அனுப்பினார்களா என்ற கேள்வி எழுந்ததும், எல்லோருக்கும்தான் அனுப்பினோம், இது புதிதல்ல என்றது நிறுவனம். இந்தப் பதில் தவறைக் குறைக்கவில்லை, பெரிதாக்குகிறது. 2019லேயே பங்குச்சந்தைக்கு வந்துவிட்ட நிறுவனம் அது. ஆளுங்கட்சிக்குத் தபால்காரராக இருக்கும்படி எந்தப் பயணியும் அதனிடம் சொல்லவில்லை. 2022 ஆகஸ்டில் பயணிகளின் தரவைக் காசாக்க ஆலோசகர் தேடி டெண்டர் விட்டதும், எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கியதும் இதே நிறுவனம்தான்.

எந்தக் கட்சியும் இதில் விதிவிலக்கல்ல. 'ஓரணியில் தமிழ்நாடு' உறுப்பினர் சேர்க்கைக்காக வீடுவீடாகப் போன திமுகவினர், கைபேசிக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டார்கள். திரட்டிய விவரங்களுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 2025 ஜூலையில் ஓ.டி.பி.க்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது.

விளம்பரக் குறுஞ்செய்தித் தொல்லைக்கு 1909 என்ற புகார் எண் இருக்கிறது. மின்னஞ்சலுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. எதற்காக ஒப்புதல் கொடுத்தோமோ அதற்கு மட்டுமே நம் தரவைப் பயன்படுத்தலாம், ஒப்புதலைத் திரும்பப் பெறவும் முடியும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வருவது 2027 மே மாதத்தில். பொது ஒழுங்கு, நாட்டுப் பாதுகாப்பு என்று காரணம் சொல்லி அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கவும் அந்தச் சட்டத்தில் வழியுண்டு. இந்த ஓட்டையை அடைக்காமல் விட்டது கவலைக்குரியது.

அப்படி ஒரு பிரசார மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடாதீர்கள். அதை இணைத்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். தேர்தல் நேரமென்றால் மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்கும் அனுப்புங்கள். 2024 மார்ச்சில் பிரதமரின் கடிதத்தோடு வாட்ஸ்அப்பில் வந்த 'விக்சித் பாரத்' செய்திகளைத் தேர்தல் ஆணையம் நிறுத்தச் சொன்னது, பெற்றவர்கள் புகார் கொடுத்த பிறகுதான்.