கழல மறுக்கும் நட்டு

வீல் நட்டை முடுக்கியவனும் இரண்டு கையுள்ள மனிதன்தானே, அப்படியிருக்க அதைக் கழற்றும் சமயத்தில் மட்டும் ஏன் குலதெய்வத்தைத் துணைக்கழைக்க வேண்டியிருக்கிறது என்று வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய சாலையில், உச்சி வெயிலில், ஸ்டெப்னியை இறக்கி வைத்துவிட்டு, வண்டியோடு கொடுத்த குட்டை ஸ்பானரைப் பிடித்துத் தொங்கியபடி நானும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவனாகையால், மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு இதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

நட்டை முடுக்குவதென்பது, உண்மையில், போல்ட்டைப் பிடித்து இழுத்து நீட்டுவதேயாகும். சிறிய கார்களில் சாதாரணமாகக் காணப்படும் 12 மில்லிமீட்டர் போல்ட்டின் மேல் நட்டை ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையில், அதாவது 30 சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் 34 கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போன்ற பலத்தோடு முடுக்கும்போது, அந்தப் போல்ட் ஒரு தலைமயிரின் பருமனளவே நீள்கிறது. ஆனால் அந்த மயிரிழையை மீட்டுக்கொண்டு பழைய நீளத்துக்குத் திரும்பிவிட அது படும் தவிப்பே சுமார் 4 டன் அழுத்தமாகிச் சக்கரத்தை ஹப்போடு சேர்த்து நெரித்துப் பிடிக்கிறது. நான்கு நட்டுக்கும் சேர்த்து 16 டன். வண்டியின் எடையோ ஒரு டன் சொச்சம்.

இதில் என் மனத்தைக் கவர்ந்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. ஸ்பானரில் நீங்கள் ஒரு ரூபாய் செலவழித்தால், அதில் எட்டணாவை நட்டின் முகம் சக்கரத்தில் உராய்ந்தே தின்றுவிடுகிறது. ஆறரை அணா மரைக்குள் உராய்வாகப் போய்விடுகிறது. மிஞ்சிய ஒன்றரை அணாதான் போல்ட்டை நீட்டும் காரியத்துக்குப் போய்ச் சேருகிறது. பட்டணத்தில் படிக்கும் பிள்ளைக்குத் தகப்பனார் கொடுத்தனுப்பும் பணத்தில் சித்தப்பா எட்டணாவும் தாய்மாமன் ஆறரை அணாவும் வழியில் எடுத்துக்கொள்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கைத் திருப்பிப் பார்க்கும்போது, அதாவது நட்டைக் கழற்றும்போது, உராய்வுக்குத் திசை பேதம் கிடையாதாகையால் சித்தப்பாவும் மாமனும் மறுபடியும் தங்கள் பங்கைக் கறாராக வசூலிக்கிறார்கள். பிள்ளையாண்டான் மட்டும், சுருங்கத் துடிக்கும் போல்ட் ஆகையால், தான் வாங்கிய ஒன்றரை அணாவைத் தகப்பனாரிடமே திருப்பிக் கொடுத்து ஒத்தாசை செய்கிறான். ஆக, பதினாறு அணாவுக்கு முடுக்கியதைப் பதின்மூன்று அணாவுக்குக் கழற்றிவிடலாம் என்றாகிறது. மரையில் எண்ணெய் தடவி முடுக்கலாகாது என்று விவரமறிந்த மெக்கானிக்குகள் சொல்வதும் இதனால்தான்: உறவினர்களின் கை வழுக்கிப் பணம் முழுவதும் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தால் பிள்ளை கெட்டுப்போவான், போல்ட், நீள வேண்டிய அளவுக்கு மேல் நீண்டு, ஒரு நாள் முறிந்தும் போகும். உவமையை இதற்கு மேல் முடுக்கினால் அதன் மரையும் போய்விடும்.

முடுக்கியதைவிடச் சுலபமாகக் கழல வேண்டிய நட்டு பின் ஏன் கழலுவதில்லை? முதல் குற்றவாளி, பஞ்சர் கடையில் தடதடவென்று சத்தமிடும் ஏர் கன். எவ்வளவு விசை ஏறிற்று என்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. சத்தம் மாறினால் கையை எடுக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டாவது குற்றவாளி துரு. தான் தின்ற இரும்பைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்பது அதன் சுபாவமாகையால், உப்புக் காற்றில் நனைந்த மரையின் இடுக்கில் அது பிறந்து வளரும்போது ஆப்பு வைத்தாற்போல இரு பக்கமும் நெருக்குகிறது. ஆயினும் அந்த ஆப்பு கருங்காலிக் கட்டையாலானதன்று. அதிர்ச்சி பட்டால் பொடிந்து நொறுங்கக்கூடியது. நிதானமாக இழுப்பதைவிடச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுவது பலிப்பதன் ரகசியம் இதுதான்.

இந்த இடத்தில், அடித்த மாத்திரத்தில் எதையும் கழற்றிவிடும் என்று விளம்பரப்படுத்தப்படும் ஸ்ப்ரே டப்பாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. உலகப் பிரசித்தமான டபிள்யூடி-40, 1953-ல் அமெரிக்காவில், உலோகத்திலிருந்து ஈரத்தை விலக்குவதற்கென்று உண்டாக்கப்பட்டது. நீர் விலக்கி, நாற்பதாவது பிரயத்தனம் என்பதே அந்தப் பெயரின் அர்த்தம். எந்த எண்ணெயானாலும், விளக்குத் திரியில் ஏறுவது போல நுண்புழைக் கவர்ச்சியால் இடுக்குக்குள் ஊர்ந்துதான் போயாக வேண்டும். அதற்கு ஓர் இரவு அவகாசம் கொடுப்பவருக்குப் பலன் உண்டு, டப்பாவை அமுக்கியவுடன் ஸ்பானரைத் தூக்குபவருக்குக் கை நிறையப் பிசுக்குத்தான் மிச்சம்.

சரித்திரம் இல்லாத கட்டுரையை ஏற்காதவர்களுக்காக: உராய்வின் விதிகளை 1699-ல் அமோன்டன் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் எடுத்துரைத்தார், ஊருக்கு ஒரு மரையாக இருந்த அலங்கோலத்துக்கு 1841-ல் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் ஓர் ஒழுங்கு சொன்னார். இவ்விருவரில் யாரும் மரக்காணத்தில் எனக்கு உதவவில்லை.

உதவியவன் ஒரு லாரி கிளீனர். நட்டைத் தளர்த்துமுன்பே ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கியிருந்தேனாகையால், நான் அழுத்தும்போதெல்லாம் சக்கரமும் கூடவே சுழன்றுகொண்டிருந்ததைச் சற்று நேரம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, வண்டியைக் கீழே இறக்கி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, நட்டின் தலையில் சுத்தியலால் சுற்றிலும் தட்டினான். பிறகு ஸ்பானரைப் பிடி இடப்பக்கம் படுக்கையாக நிற்கும்படி மாட்டி, அதன் மேல் இரண்டடி இரும்புப் பைப்பைச் செருகினான். "முதல்ல கொஞ்சம் இறுக்கிப் பாப்போம் சார்" என்று எதிர்ப்புறமாக ஒரு நெம்பு நெம்பினான். துருவுக்கு இடம் வலம் தெரியாது, எந்தப் பக்கம் அசைந்தாலும் நொறுங்கும். அதன் பின் பைப்பின் கோடியில் உடம்பின் பாரத்தைச் சாய்த்தான். அறுபது கிலோ ஆசாமி இரண்டடி தூரத்தில் சாய்ந்தால், வேண்டிய திருப்புவிசையைப்போல மூன்றரை மடங்கு கிடைத்துவிடும். 'டக்'கென்று ஒரு சத்தம், செந்நிறப் பொடி உதிர்ந்தது, நட்டு அசைந்தது.

ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளை விரலாலேயே ஓட்டிவிட்டு, எதிரெதிராக ஒவ்வொன்றாய் முடுக்கும் கட்டத்தில், நான் பைப்புக்குக் கை நீட்டினேன். "டைட்டு வைக்க இது வேணாம் சார்" என்று சொல்லி, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் லாரியில் ஏறிவிட்டான்.